பார்வைப் புறணியின் கிளர்வை அளப்பது எப்படி: காந்தத் தூண்டலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து மூளையைத் தூண்டுவதுதான் காந்தத் தூண்டல். அந்த ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் பழகுவது பெரும்பாலும் கைவிரல் அசைவில்தான். அசைவுகளை இயக்கும் மூளை மேலடுக்கான இயக்கப் புறணிக்கு மேலே காயிலை (கம்பிச் சுருளை) வைத்து ஒரு துடிப்பு கொடுத்தால் விரல் துள்ளும். தசைமேல் ஒட்டிய மின்முனை அதை அலையாக வரைந்து, எண்ணாகவும் கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தோடு, பார்வைப் புறணி இருக்கும் பின்னந்தலைக்கு வந்தால் திகைப்புதான். அங்கே எதுவும் துள்ளாது. மூளை கிளர்ந்ததா இல்லையா என்பதற்குச் சுலபமாகக் கிடைக்கும் சாட்சி, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் சொல்லும் "தெரிஞ்சுது", "தெரியல" என்ற பதில் மட்டுமே. இயந்திரத்தை இயக்கச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பதிலை நம்பத் தகுந்த அளவாக மாற்றத்தான் நாள் பிடிக்கும். இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம்.

முதலில் அடிப்படை. காயிலுக்குள் மிகப் பெரிய மின்னோட்டம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் பாய்கிறது. அப்போது எழும் காந்தப்புலம் 1.5 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும். மண்டை ஓடு அதைத் தடுப்பதில்லை. வேகமாக மாறும் அந்தப் புலம் கீழே உள்ள மூளைத் திசுவில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. எட்டு வடிவக் காயிலில் இரண்டு வளையங்களும் சந்திக்கும் நடுப்பகுதிக்கு நேர் கீழேதான் வலிமை அதிகம். அதுவும் மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் தேய்ந்துவிடும். பின்னந்தலையில் இப்படித் தூண்டும்போது சிலருக்கு, வெளியே எந்த ஒளியும் இல்லாமலே, ஒரு கணம் ஒளிப்பொட்டு தெரியும். அதுதான் பாஸ்பீன்.

இதற்கு வரலாறு உண்டு. 1896ல் அர்சன்வால் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், பெரிய சுருளுக்குள் தலையை வைத்தால் ஒளி மினுக்கம் தெரிவதாக எழுதினார். அவர் கண்டது அநேகமாக விழித்திரையில் எழுந்த மினுக்கம், மூளையில் எழுந்தது அல்ல. 1985ல் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் உடன் வேலை செய்தவர்களும் இன்று நாம் பயன்படுத்தும் முறையில் மூளையின் இயக்கப் புறணியைத் தூண்டிக் காட்டினார்கள். நான்கு வருடம் கழித்து, 1989ல், அமாஸியன் குழு இன்னொன்றைக் காட்டியது: திரையில் சில எழுத்துகளைக் கணநேரம் காட்டி, சுமார் 80 முதல் 100 மில்லி விநாடி கழித்துப் பின்னந்தலையில் துடிப்பு கொடுத்தால், பார்ப்பவரால் அந்த எழுத்துகளைச் சொல்ல முடிவதில்லை. ஆக, ஒரே துடிப்பு ஒளியை உண்டாக்கவும் செய்யும், பார்த்ததை அழிக்கவும் செய்யும். கிளர்வை, அதாவது புறணி தூண்டலுக்கு எவ்வளவு எளிதில் பதில் தருகிறது என்பதை, அளக்க இரண்டையும் பயன்படுத்தலாம். தொடங்குபவர்கள் பாஸ்பீனிலிருந்து தொடங்குவதே நல்லது.

அளவுகோல் இதுதான்: ஒருவர் ஏறத்தாழ பாதித் தடவை பாஸ்பீன் பார்க்கும் தூண்டல் வலிமைக்குப் பாஸ்பீன் த்ரெஷோல்ட் என்று பெயர். இயந்திரத்தின் முழு வலிமையில் இத்தனை சதவீதம் என்று அதைக் குறிப்பார்கள். இங்கே எண் தலைகீழாக ஓடும் என்பதை மறக்க வேண்டாம். த்ரெஷோல்ட் ஏறினால் புறணியின் கிளர்வு இறங்கியிருக்கிறது; த்ரெஷோல்ட் இறங்கினால் கிளர்வு கூடியிருக்கிறது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் வரைபடத்தைப் பார்த்துக் கூட்டத்தில் பேசும்போது நாக்கு புரண்டுவிடும். வரைபடத்தின் அச்சிலேயே "மேலே போனால் கிளர்வு குறைவு" என்று எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

முதல் படி: யாரை உட்கார வைக்கலாம்

இதை வீட்டிலோ, பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்திலோ செய்யக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பங்கேற்பவரின் எழுத்து வழிச் சம்மதமும், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவரும் இல்லாமல் காயிலைத் தொட வேண்டாம். காக்ளியர் இம்ப்ளாண்ட் (காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி), தலைக்குள் உலோகக் கிளிப், பேஸ்மேக்கர் போன்றவை இருந்தால் சேர்க்கக் கூடாது. தனக்கு வலிப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, வலிப்பை எளிதில் வரவைக்கும் மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா, முந்தின இரவு தூங்கினாரா, குடித்தாரா என்று கேட்க வேண்டும். ஆய்வுகளில் கர்ப்பிணிகளையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. இதற்கென்று உலக அளவில் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு நெறிகள் 1998, 2009, 2021 ஆண்டுகளில் வெளியாகியிருக்கின்றன. கடைசியாக வந்ததை முழுவதும் படித்த பிறகே உங்கள் திட்டத்தை எழுதுங்கள்.

நடைமுறையில் வலிப்பைவிட அதிகம் பார்ப்பது மயக்கம்தான். பயந்துபோய் சாப்பிடாமல் வந்தவர், முதல் துடிப்பின் சத்தத்திலேயே வெளிறிப் போவார். அதனால் முதல் துடிப்பைத் தலையில் கொடுக்காதீர்கள். அவரது முன்கையில் குறைந்த வலிமையில் ஒன்று கொடுத்து, "இவ்வளவுதாங்க, டக்குனு ஒரு சத்தம், கொஞ்சம் சுண்டின மாதிரி இருக்கும்" என்று காட்டிவிடுங்கள். காதுக்கு அடைப்பான் இருவருக்கும் கட்டாயம். பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். பின்னந்தலையில் கொடுக்கும்போது கழுத்துத் தசை சுருங்கும், பிறகு லேசான தலைவலியும் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி: இடத்தைத் தேடுவது

பின்னந்தலையில் விரலால் தடவினால் கழுத்துக்குச் சற்று மேலே ஒரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். அங்கிருந்துதான் அளவு தொடங்கும். நீச்சல் தொப்பி ஒன்றை இறுக்கமாகப் போட்டு, புடைப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே, நடுக்கோட்டிலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் முதல் புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மூளைப் படத்தின் மேல் காயிலின் இடத்தைக் காட்டும் நேவிகேஷன் கருவி இருந்தால் நல்லதுதான். ஆனால் அது காட்டும் மூளைப் படத்தை நம்பி, கட்டத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் பார்வைப் புறணியின் மடிப்பு ஒவ்வொரு விதமாக இருக்கிறது. படத்தில் கச்சிதமாகத் தெரியும் புள்ளியில் ஒன்றுமே வராமல், ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்ததும் தெளிவாக வருவது சாதாரணம்.

காயிலின் திசையும் முக்கியம். தலையின் பக்கவாட்டிலிருந்து நடுவை நோக்கி மின்னோட்டம் ஓடும்படி வைத்தால் குறைந்த வலிமையிலேயே பாஸ்பீன் கிடைக்கும். எந்தத் திசையை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்திருங்கள். பங்கேற்பவர் நெற்றியை முன்னால் சாய்த்து வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, காயிலைப் பிடிக்க ஒரு ஸ்டாண்ட் இரண்டும் வேண்டும். கையில் பிடித்தபடி அரை மணி நேரம் நிற்க முடியாது; நின்றாலும் காயில் நகர்ந்துவிடும்.

அறை மங்கலாக இருக்கட்டும், அவர் கண்ணைக் கட்டியிருக்கட்டும். 60 சதவீத வலிமையில் தொடங்கி, ஒரு புள்ளிக்குச் சில துடிப்புகள் கொடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த புள்ளி. எங்குமே வரவில்லை என்றால் வலிமையைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி ஒரு சுற்று. துடிப்புகளுக்கு இடையே குறைந்தது ஐந்து விநாடியாவது விடுங்கள். அந்த இடைவெளியைச் சீராக வைக்காமல் மாற்றி மாற்றி விடுங்கள், இல்லையென்றால் அடுத்தது எப்போது வரும் என்று அவரே எண்ணத் தொடங்கிவிடுவார்.

இங்கேதான் பேச்சு வருகிறது. "வெளிச்சம் தெரிஞ்சுதா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா, இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நல்ல பதில் இப்படி வரும்:

"என்னமோ வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம், கீழே. சாம்பல் கலர்ல ஒரு தீற்றல். பார்க்கிறதுக்குள்ள போயிடுச்சு."

நீங்கள் காயிலை வைத்திருந்தது வலது அரைக்கோளத்தின் மேல் என்றால் இந்தப் பதிலில் உயிர் இருக்கிறது. வலது புறணி பார்ப்பது இடது பக்கத்தை. புறணியின் மேல்பாதி பார்ப்பது காட்சியின் கீழ்ப்பாதியை. அவருக்கு இந்த உடற்கூறு தெரியாது, ஆனாலும் இடத்தைச் சரியாகச் சொல்கிறார். இப்போது காயிலை மறுபக்கம் மாற்றிப் பாருங்கள். தீற்றலும் வலப்பக்கம் மாற வேண்டும். கட்டுக்குள் கண்களைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். தீற்றலும் பார்வையோடு நகர வேண்டும். துடிப்பின் போது கண் சிமிட்டுவதால் "ஏதோ ஆடுச்சு" என்று சொல்பவர்களும், தெரியும் இடம் மாறாமல் எங்கு வைத்தாலும் "நடுவுல பளிச்சுனு இருந்துச்சு" என்று சொல்பவர்களும் உண்டு. இவர்களின் பதிலைப் பாஸ்பீன் என்று ஏற்காதீர்கள். காட்சியின் எந்த இடத்தில் தெரிந்தது என்று ஒரு காகிதத்தில் அவரையே வரையச் சொல்வது என் வழக்கம். தெரிந்ததாக நினைத்துக்கொள்பவரின் படம் ஒவ்வொரு தடவையும் மாறும். உண்மையாகப் பார்ப்பவரின் படம் பெரும்பாலும் ஒரே இடத்திலேயே நிற்கும்.

சிலருக்கு எவ்வளவு தேடினாலும் வராது. பார்வையில் குறை ஏதுமில்லாதவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஒற்றைத் துடிப்புக்கு வராதவர்களுக்கு அடுத்தடுத்து இரட்டைத் துடிப்பு கொடுத்தால் சிலசமயம் வரும். அப்படிச் செய்வதானால் எல்லோருக்கும் இரட்டைத் துடிப்பே கொடுங்கள். ஒருவருக்கு ஒற்றை, இன்னொருவருக்கு இரட்டை என்று கலந்தால் எண்களை ஒப்பிட முடியாது.

மூன்றாம் படி: த்ரெஷோல்டைப் பிடிப்பது

நல்ல இடம் கிடைத்ததும் அங்கேயே காயிலை நிறுத்தி, வலிமையை மாற்றி மாற்றிக் கொடுத்து, பாதித் தடவை தெரியும் அளவைப் பிடிக்க வேண்டும். படிக்கட்டு முறையில், தெரிந்தால் வலிமையைக் குறைப்பார்கள், தெரியாவிட்டால் ஏற்றுவார்கள். பேய்சியன் முறையில், ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் அடுத்த வலிமையைக் கணினியே தேர்ந்தெடுக்கும். துடிப்புகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். மூன்றாவது பழைய முறை: ஐந்து அல்லது ஏழு வலிமைகளை முன்கூட்டியே தீர்மானித்து, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை, வரிசையைக் கலைத்துக் கொடுப்பது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இந்தப் பழைய முறையைத்தான் சொல்வேன். மெதுவானதுதான். ஆனால் ஒருவரின் வளைவு முழுவதும் கண் முன்னால் கிடைக்கும். உதாரணத்துக்கு, ஒருவர் 54 சதவீதத்தில் பத்துக்கு 1, 58ல் 3, 62ல் 5, 66ல் 8, 70ல் 10 என்று சொன்னால் வளைவு அழகாக ஏறுகிறது. த்ரெஷோல்ட் 62 பக்கம். இன்னொருவர் ஐந்து வலிமையிலும் 5, 4, 6, 5, 6 என்று சொன்னால் அவருக்கும் நடுவில் ஓர் எண்ணைக் கணினி தந்துவிடும். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை; அவர் ஊகிக்கிறார். படிக்கட்டு முறையில் இந்த இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் வாய்ப்பு அதிகம். கை பழகியதும் வேகமான முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

பொய்த் துடிப்புகளையும் நடுவில் கலக்க வேண்டும்: காயில் சத்தம் போடும், ஆனால் மூளைக்கு எதுவும் போகாது. போலிக் காயில் இருந்தால் அதைக் கொண்டு செய்யலாம். பொய்த் துடிப்புக்கும் "தெரிஞ்சுது" என்று அடிக்கடி சொல்பவரின் எண்களைப் பகுப்பாய்வில் சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டும். அதற்கான எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்; எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, இயக்கப் புறணியின் த்ரெஷோல்டை எடுத்துவிட்டு அதையே இங்கும் பயன்படுத்தினால் என்ன? பலர் கேட்கும் கேள்வி. 2001ல் ஸ்டூவர்ட், வால்ஷ், ராத்வெல் மூவரும் இரண்டையும் ஒரே ஆட்களிடம் அளந்து பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பு தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் ஓரளவு தொடர்பு தெரிந்ததும் உண்டு. எப்படியானாலும், விரல் துள்ளும் அளவை வைத்துப் பின்னந்தலையின் வலிமையைத் தீர்மானிப்பது பலவீனமான வழி. பாஸ்பீன் கிடைப்பவரிடம் பாஸ்பீனையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கிளர்வை மாற்றுவது

ஒற்றைத் துடிப்பு அளப்பதற்கு. தொடர் துடிப்பு மாற்றுவதற்கு. விநாடிக்கு ஒன்று என்ற மெதுவான வேகத்தில் 15 நிமிடம் கொடுத்தால் 900 துடிப்புகள். 2000ல் பொரூஜெர்டி குழு இப்படிச் செய்து, அதன் பிறகு பாஸ்பீன் த்ரெஷோல்ட் ஏறுவதைக் காட்டியது. அதாவது புறணி மந்தமாகிறது. பொறுமை இல்லாதவர்களுக்குத் தீட்டா பர்ஸ்ட் இருக்கிறது. ஹுவாங் குழு 2005ல் இயக்கப் புறணிக்காகத் தந்த வடிவம் அது: 50 ஹெர்ட்ஸ் வேகத்தில் மூன்று துடிப்புகள் ஒரு கொத்து, விநாடிக்கு ஐந்து கொத்து. இடைவிடாமல் கொடுத்தால் 600 துடிப்புகள் 40 விநாடியில் முடிந்துவிடும். இது கிளர்வைக் குறைக்கும். இரண்டு விநாடி கொடுத்து எட்டு விநாடி விட்டால் கிளர்வு கூடும் என்பது இயக்கப் புறணியில் கண்டது. 2006ல் ஃபிராங்கா குழு இதையே பின்னந்தலையில் செய்தபோது, இடைவிடாத வடிவம் பாஸ்பீன் த்ரெஷோல்டை ஏற்றியது. விட்டுவிட்டுக் கொடுக்கும் வடிவத்தால் மாற்றம் ஏதும் தெரியவில்லை.

ஆகவே இயக்கப் புறணியில் கற்ற பாடத்தை அப்படியே பின்னந்தலைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இயக்கப் புறணியிலேயே 2013ல் ஹமாதா குழு 50க்கும் மேற்பட்டவர்களிடம் தீட்டா பர்ஸ்ட் கொடுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் விளைவு மாறி, சராசரியில் ஒன்றும் மிஞ்சவில்லை. மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) உள்ளவர்களிடம் விநாடிக்கு ஒன்று என்ற அதே மெதுவான தூண்டல் எதிர்த்திசையில் வேலை செய்ததாகவும் ஆய்வு உண்டு. தூண்டலின் வேகத்தை மட்டும் பார்த்து "இது குறைக்கும், இது கூட்டும்" என்று சொல்லிவிட முடியாது. அது வந்து சேரும்போது புறணி என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

நடைமுறையில் ஒரு விஷயம். தொடர் துடிப்பு முடிந்ததும் காயில் சூடாகியிருக்கும். அதே காயிலால் உடனே த்ரெஷோல்ட் அளக்கப் போனால், முக்கியமான முதல் சில நிமிடங்களில் இயந்திரம் சூடு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். விளைவு தேய்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. அதே மாதிரியான இன்னொரு காயிலைக் குளிர்ந்த நிலையில் தயாராக வையுங்கள், அல்லது குளிரூட்டும் காயிலைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: இருட்டு, கற்பனை, தூக்கம்

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. என் அனுபவத்தில் ஆய்வுகள் சரிவதும் இங்கேதான்.

பங்கேற்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? பொரூஜெர்டி குழுவின் இன்னொரு ஆய்வும் அதே 2000ல் வந்தது: வெளிச்சமே படாமல் இருட்டில் வைத்தால், 45 நிமிடத்திலேயே பாஸ்பீன் த்ரெஷோல்ட் இறங்கத் தொடங்குகிறது. கண்ணைக் கட்டுவதே ஒரு தூண்டல் என்றாகிறது. நீங்கள் இடம் தேட 20 நிமிடம், முதல் அளவுக்கு 15, தொடர் துடிப்புக்கு 15, மறு அளவுக்கு 15 என்று போனால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். தொடர் துடிப்பு கிளர்வை இறக்க, இருட்டு அதை ஏற்ற, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு "விளைவு இல்லை" என்ற முடிவு வரும். கட்டை அவிழ்த்து நடுவே வெளிச்சத்தில் இருக்க விடலாம். அல்லது ஒப்பீட்டுக்காகப் போலியாகத் தூண்டும் நாளிலும் நிமிடக் கணக்குப் பிசகாமல் அதே அளவு இருட்டில் வைக்கலாம். இரண்டாவதைக் கட்டாயம் செய்யுங்கள், முதலாவதை முடிந்தால் செய்யுங்கள். கட்டிய நேரம், அவிழ்த்த நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுத ஒரு பத்தியை ஒதுக்குங்கள்.

அடுத்தது கற்பனை. காட்சி ஒன்றை மனதில் கற்பனை செய்துகொண்டிருக்கும்போதே பாஸ்பீன் த்ரெஷோல்ட் இறங்குவது 2002ல் பதிவாகியிருக்கிறது. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் எதையாவது நினைத்துக்கொண்டுதான் இருப்பார், அதை நிறுத்த முடியாது. ஆனால் முன்னளவிலும் பின்னளவிலும் ஒரே வேலையைக் கொடுத்து வைக்கலாம். அவ்வப்போது ஒரு ஒலி, அதைக் கேட்டதும் பொத்தானை அழுத்துவது போல ஏதாவது எளிதாக இருந்தால் போதும்.

தூக்கக் கலக்கம் மூன்றாவது. பின்னந்தலையின் ஆல்பா அலைகள் (மூளையின் ஒரு வகை மின்னலைகள்) பலமாக இருக்கும் கணத்தில் அதே வலிமைத் துடிப்புக்குப் பாஸ்பீன் தெரிவதில்லை, தாழ்ந்திருக்கும் கணத்தில் தெரிகிறது என்று 2008ல் ரோமெய் குழு ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) வைத்துக் காட்டியது. ஈஈஜி இல்லாவிட்டால் பரவாயில்லை. பத்துத் துடிப்புக்கு ஒருமுறை பேச்சுக் கொடுத்து, எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்ல வையுங்கள். நாளின் எந்த நேரம், காபி குடித்தாரா, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதும் இரண்டு அமர்விலும் ஒன்றாக இருக்கட்டும்.

அறைக்குள் வருவதற்கு முன் அவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுகூடத் தடம் விட்டுப் போகும். ஒரு நிறத்தை நெடுநேரம் பார்க்க வைத்துவிட்டுத் தூண்டினால் பாஸ்பீன் அந்த நிறத்திலேயே தெரிகிறது என்று 2007ல் சில்வாந்தோ குழு கண்டது. கைப்பேசித் திரையை வெறித்துவிட்டு நேராக வந்து உட்காருபவரைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடுங்கள்.

ஆறாம் படி: ஒப்பீடும் பதிவும்

ஒரே ஆளுக்கே உண்மைத் தூண்டலும் போலித் தூண்டலும் வெவ்வேறு நாளில் கொடுங்கள். எது முதலில் என்பதை ஆள் மாற்றி மாற்றி வையுங்கள். இடையே சில நாட்களாவது போகட்டும். போலிக் காயில் தலையில் சுண்டும் உணர்வைத் தராது. இரண்டு தடவை வந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் உச்சந்தலையில் உண்மையாகவே தூண்டுவதை ஒப்பீடாக வைப்பவர்களும் உண்டு. நான் இரண்டில் உச்சந்தலையையே தேர்ந்தெடுப்பேன், அங்கே கழுத்துத் தசை சுருங்காது என்ற குறை இருந்தாலும். த்ரெஷோல்ட் அளப்பவருக்கு அன்று எந்தத் தூண்டல் நடந்தது என்று தெரியக் கூடாது. ஆய்வகத்தில் இரண்டே பேர் இருந்தாலும் இதற்கு வழி செய்யலாம்: ஒருவர் தூண்டிவிட்டு வெளியே போக, மற்றவர் உள்ளே வந்து அளப்பது.

பின்னளவைத் தொடர் துடிப்பு முடிந்த உடனேயும், பிறகு 10, 30 நிமிடங்களிலும் எடுங்கள். அறிக்கை எழுதும்போது காயிலின் வகை, துடிப்பின் வடிவம், மின்னோட்டத் திசை, புடைப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நிமிடம் இருட்டு என எல்லாவற்றையும் சொல்லுங்கள். பாஸ்பீனே வராமல் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதையும் விடாமல் எழுதுங்கள். அதைச் சொல்லாவிட்டால், சுலபமாகக் கிளர்பவர்களின் மூளையை மட்டும் அளந்துவிட்டு எல்லோருடைய மூளையையும் பற்றிப் பேசுவதாகிவிடும்.